செவலைக் கோழி முழுங்கின முத்து

1973 அக்டோபர் 12

வாசலில் உட்கார்ந்து மிச்சப் புளியில் முத்து, அதாங் கொட்டை, எடுத்துக்கொண்டிருந்தேன். என் செவலைக் கோழி ஒன்றை லபக்கென்று முழுங்கிவிட்டது. "ஏ, கோழி முத்த முழுங்கிட்டு!" என்று கத்தினேன். தெருவில் போன பலசரக்குக்கடை வீரபாகு அண்ணாச்சி அப்படியே நின்னுட்டார்.

"முத்தா? எம்புட்டுப் பெருசு?"

"சுண்டுவிரல் நகமளவு இருக்கும் அண்ணாச்சி."

"மின்னுச்சா?"

"மின்னாம? பளபளன்னுல்லா இருந்துச்சு!"

ஒரு சொல்லும் பொய்யில்லை. புளி இருந்த முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 13

கடற்கரையில் சிப்பி கொட்டுற இடத்தில்தான் என் கோழி மேயுமென்று அண்ணாச்சியே ஊருக்குச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு ரூபாய் பெறாத கோழிக்கு ஐம்பது தாரேங்கார். எங்க வீட்டுக்காரருக்குச் சிரிச்சு சிரிச்சு இருமலே வந்துட்டு.

அக்டோபர் 14

நூறு!

பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற ராஜதுரை வாத்தியார், கையில் காகிதத்தோடு கோழி பின்னாலேயே அலையுதார் — எச்சம் போட்டால் அள்ள.

"என்ன சார், திருத்தவா கொண்டு போறீய?" என்று கேட்டேன்.

அக்டோபர் 15

அண்ணாச்சி கோழிக்கு விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். "சும்மாதான் தாரேன் தாயி. பாவம், அதுக்கு வயிறு உப்புசமா இருக்கு." கோழி ஓட, அண்ணாச்சி ஓட, வேட்டி வேலியிலே.

அக்டோபர் 16

சிரிப்பு நின்னு போச்சு.

பக்கத்து வீட்டு ஆக்னஸ் வந்தாள். பதினெட்டு வருஷமா ஒரே கிணத்தில் தண்ணி இறைக்கோம். மடியை அவிழ்த்து முந்நூறு ரூபாய் வைத்தாள். கழுத்தில் சங்கிலி இல்லை. காதில் கம்மலுக்குப் பதில் ஈர்க்குச்சி.

"அடகு வச்சிட்டேம்ளா. கோழிய எனக்குக் குடு. இந்த முத்துலதான் எம்மவ ஜெபசெல்விக்குக் கல்யாணம்."

முந்நூறு! ஓடு மாத்திரலாம். மழைக்காலம் வேற வருது. ஒரு நிமிஷம் கை நீண்டது. வேற யார் கை, என் கைதான்.

"அது புளியமுத்துளா ஆக்னஸ்."

"போளா! எங்கிட்ட மட்டும் புளியமுத்தாக்கும். பெரிய ஆளாப் பாத்து விக்கப் போற."

பணத்தை அள்ளிக்கொண்டு போயிட்டா. எல்லாரையும் நம்ப வச்ச வாய், உண்மை சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கா. என்ன செய்ய?

அக்டோபர் 17

கிணத்தடியில் ஆக்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 18

எல்லாரையும் கூப்பிட்டு வாசலிலேயே கோழியை அறுத்தேன். அழுகை வந்துட்டு. நல்ல கோழி. இரைப்பையைக் கீறினால் உள்ளே கல்லு, மண்ணு, பாதி தேய்ந்த புளியமுத்து ஒன்று. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அண்ணாச்சி விளக்கெண்ணெய்க்குக் காசு கேட்டார்.

ஆக்னஸ் நகையைத் திருப்ப நேரே அடகுக்கடைக்குப் போனாள். அவள் வீட்டுக்குச் சட்டியில் குழம்பு கொடுத்துவிட்டேன். சாயங்காலம் சட்டி திரும்பி வந்துச்சு. காலி. கழுவி.

நவம்பர் 4

விடிஞ்சதிலிருந்து மழை. வீடு நாலு இடத்தில் ஒழுகுது. கூப்பிடாமலே ஆக்னஸ் ரெண்டு சட்டியோடு வந்து, ஒழுகுற இடமாப் பார்த்து வைத்தாள். குனியும்போது காதில் கம்மல் ஆடியது.

"பாருளா, முத்து முத்தா விழுது" என்றேன்.

"மெதுவாச் சொல்லுளா. அண்ணாச்சி சட்டியோட விலை பேச வந்துருவாரு."