மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு சிட்டிகை

நின்னு போச்சு பாரு, அந்தக் குமிழிச் சத்தம். கரண்ட் போயிருச்சுடா தம்பி. அந்தமான்ல, இந்த பாம்பூஃப்ளாட்ல கரண்ட் போறது என்ன புதுசா, ஆனா இந்தச் சத்தம் நின்னா மட்டும் எனக்கு வீடே மூச்சை நிறுத்தின மாதிரி இருக்கு. நீ இருந்தப்ப உள்ளேர்ந்து கத்துவ, "யக்கா, சொம்பை எடு!" நான் ஓடிப் போயி தொட்டித் தண்ணிய மோந்து மோந்து அதுலயே ஊத்துவேன். "நல்லாப் பண்ற அபிஷேகம், மந்திரத்தையும் சொல்லு"ன்னு சிரிப்ப. இன்னைக்கும் சொம்பை எடுக்கத்தான் அலமாரிக்குப் போனேன். பக்கத்துல உன் டிபன் டப்பா இருந்துச்சு. சொம்பை விட்டுட்டு டப்பாவ எடுத்து வந்து முன்னால வச்சுட்டு எழுதுறேன்.

உங்க மாமா போன பெறகு நான் சுவத்தோட பேசிட்டு இருக்கேன்னுதானே அந்தக் கண்ணாடித் தொட்டிய வாங்கியாந்த? "நீ எம்புட்டு வேணா பேசுக்கா, மீனு எந்திரிச்சுப் போகாது"ன்ன. சரி, மீனு எங்கடான்னா, "அரே தீதி, என்ன ஜல்தி?"ன்னு ஹிந்தில கேலி வேற. அடியில ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு, அது மேல கூழாங்கல்லு, மூலையில ஒரு குழாய், அதுல காத்தடிக்க ஒரு குட்டி மோட்டார். தண்ணி கல்லு வழியா கீழ எறங்கி குழாய் வழியா மேல வருது. மீனோட அழுக்கு மீனுக்கே விஷமாம். அதைத் தின்னு தீக்குற சின்ன உசுருங்க மொதல்ல கல்லுல குடியேறணுமாம். "தயிருக்கு உறை ஊத்தின மாதிரிதான். போட்டாச்சு. இனி ஆட்டாம அசைக்காம வச்சிரு"ன்ன.

தினமும் காலையில வெறும் தண்ணியில ஒரு சிட்டிகை மீன் தீனி தூவுவ. "யாருக்குடா சோறு போடுற?"ன்னு கேட்டா, "நீ முருகனுக்கு வைக்கிறியே, அவரு வந்து சாப்புட்டதைப் பார்த்தியா?"ன்ன. வாயில ஒண்ணு போடலாமான்னு கோவம் வந்துச்சு. ஆனா மறுநாள்லேர்ந்து நான்தான் தூவினேன், கந்த சஷ்டி சொல்லிக்கிட்டே.

தண்ணி மொதல்ல பால் மாதிரி கலங்குச்சு. அப்பறம் தானாவே தெளிஞ்சுது. கல்லு மேல பழுப்பா ஒரு பூச்சு ஏறுச்சு. நீ குனிஞ்சு பார்த்துட்டு, "போதும்க்கா, ஆயிருச்சு. ஞாயித்துக்கிழமை கப்பி மீனு வாங்கியாறேன்"ன்ன.

அந்த ஞாயித்துக்கிழமை வரலியேடா. அக்கரையில சாத்தம் ஜெட்டிலேர்ந்து திரும்பி வர்ற ஃபெர்ரியிலயே நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தவன்தானாம் நீ. கூட வந்தவங்க இந்த டப்பாவத்தான் என் கையில குடுத்தாங்க.

நான் படுத்தவ படுத்தவதான். மெயின்லேண்ட்லேர்ந்து சித்தி வந்து எல்லாத்தையும் பார்த்தா. கருமாதி முடிஞ்சதும் தீட்டுக் கழிக்கணும்னு வீட்டை மேலேர்ந்து கீழ கழுவினாங்க. பாயி, தலகாணி, பாத்திரம், சாமி மாடம், எல்லாம். நான் எந்திரிச்சு வந்து பார்க்குறேன், தொட்டி கவுந்து கெடக்கு. கல்லையெல்லாம் அண்டாவுல போட்டு, கொதிக்கிற தண்ணி ஊத்தி, மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல காயப் போட்ருக்காங்க. பளபளன்னு கெடக்கு. "எம்புட்டு அழுக்குடி! வழுவழுன்னு, சீ! மீனும் இல்லாம என்னத்துக்கு வச்சிருந்தீங்க?"ன்னு சித்தி கேக்குறா. அவளை என்ன சொல்ல? அவ நல்லது நெனைச்சுத்தான் செஞ்சா. நான் அந்தக் கல்லுகிட்ட உக்காந்து அழுதேன். உனக்காக அழுறேன்னு நெனைச்சு எல்லாரும் என் முதுகைத் தடவிக் குடுத்தாங்க. உனக்காகத்தான். நீ கடைசியா வளத்ததைக் கொதிக்க வச்சுட்டாங்களேன்னுதான்.

அவங்க ஊருக்குப் போனதும் நீ வச்ச மாதிரியே எல்லாத்தையும் திருப்பி வச்சேன். தட்டு, கல்லு, குழாய், மோட்டார். தெனம் ஒரு சிட்டிகை. கலங்கின தண்ணி தெளியவே இல்ல, நாறுது. பொறுக்க மாட்டாம ரெண்டு கப்பி வாங்கி விட்டேன். விடிஞ்சு பார்த்தா மெதக்குது. வேப்பமரத்தடியில பொதைச்சேன். அதுக்கப்பறம் முருகன்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. வெளக்கு ஏத்துறேன், கும்புடுறேன், வந்துர்றேன். கேட்டு என்ன ஆகப் போகுது? பேச்சுத் துணைக்குத் தொட்டி வச்ச, இப்ப அதுகூடவும் எனக்குப் பேச்சு இல்ல. நாளைக்கு யாருக்காவது தூக்கிக் குடுத்துரலாம்னுகூட நெனைச்சேன்.

டப்பாவத் தொறந்து பார்த்தேன். உள்ள அடியில பூராக் கீறலு. இது எப்படி ஆச்சுன்னு யோசிச்சுட்டே இருந்தேன். இப்பத்தான் ஞாபகம் வருது. தொட்டி வச்ச அன்னைக்கு இதுலதானே ஈரக் கல்லு ஒரு பிடி கொண்டு வந்த, கறுப்பா, சேத்து வாடையோட? "சோறு கொண்டு போற டப்பாவுல சேறாடா?"ன்னு உன்னைக் கிழிச்சேனே. "இதுதான்க்கா உறை"ன்னு சொல்லி நீ அதைத்தானே மேல தூவின. சாத்தம் ஜெட்டியில டீக்கடை வச்சிருக்காரே பெங்காலி அண்ணன், நீ தாதான்னு கூப்புடுவியே, அவரு மீன் தொட்டியிலேர்ந்து அள்ளிட்டு வந்த கல்லு.

அந்தத் தொட்டிய அவருக்கு வச்சுக் குடுத்ததே நீதானேடா. நீ வளத்த உறை அங்க இன்னும் உசுரோட இருக்கும்ல?