நீ மெலிந்தபோது நான் கைதட்டினேன்

என் மாதேவனுக்கு, போன இடத்திலும் நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துக் கதை பேசிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிற நீலகண்டன் எழுதுவது.

எனக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நீ போய் ஐந்து மாதம். ஆரியசாலைத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கை கொடுக்கிறார்கள். ஆளே மாறிவிட்டேனாம், பத்து வயது குறைந்துவிட்டதாம். நானும் பல்லைக் காட்டிவிட்டு நகர்கிறேன். அப்படி ஒவ்வொரு முறை வாழ்த்து வாங்கும்போதும் நீ உன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அதனால் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதே இல்லை.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். என் நல்லதைக் கேட்டால் உனக்குச் சந்தோஷம்தான் வரும், அது எனக்குத் தெரியும். தம்பானூர் ஸ்டேஷன் மேம்பாலத்தை இப்போது நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். முன்னால் நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கப் போகும்போது நாம் இரண்டு பேரும் பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க, சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸை வாசிப்பதுபோல நடிப்போமே? இப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஆட்டோவில் என் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. செருப்பு வாரை நானே குனிந்து மாட்டுகிறேன். காலையில் கரமனையிலிருந்து கடைக்கு நடந்தே வருகிறேன். என் குறட்டை நின்றுபோனதில் சாந்தாவுக்குத்தான் முதலில் தூக்கம் கெட்டது. புருஷன் மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாளாம்.

மற்றதையும் கேட்டுக்கொள். தொப்பை இருந்த இடத்தில் தோல் மட்டும் காலிச் சாக்குபோலத் தொங்குகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. ஒரு இட்லியை மென்று முடிப்பதற்குள் சாந்தா சமையலறையைக் கழுவி முடித்துவிடுகிறாள். இனிப்பு ஆகவே ஆகாது. ஒரு கல்யாணத்தில் ஆசைக்கு ரெண்டு கரண்டி பாயசம் குடித்துவிட்டு, நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் மல்லாந்து கிடந்தேன். நீ இருந்திருந்தால் என் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டு வந்து எனக்கு விசிறியிருப்பாய்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நம்மைத் தெரியாதல்லவா, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். என்னுடையது வத்தல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம். உன்னுடையது வெல்லமும் கருப்பட்டியும். நடுவில் ஒரு சுவர். இரண்டு பேரும் நாஞ்சில்நாட்டிலிருந்து மீசை முளைக்காத வயதில் இந்த மலையாள நகரத்துக்கு வந்து, ஒரே தெருவில் கடை போட்டு, ஒரே மாதிரி ஊதினோம். மூட்டை தூக்குகிற தொழிலாளிகள் நம்மைச் சேர்த்துப் பார்த்தால், "முதலாளிமாரு ரெண்டு பேரும் கூடினா ஒரு லோடு" என்பார்கள். வீட்டில் இருக்கிற எடை மெஷினில் நம்மைக் காட்டுவதற்கு எண் இல்லை. என் கடையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசில்தான், சனிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஏறி நிற்போம்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் எறணாகுளத்தில் போய் இரைப்பையைச் சின்னதாக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டேன். உனக்கும் அதையேதான் சொன்னார்கள். உனக்குக் கத்தி என்றால் பயம்.

"நீ வயித்த வெட்டுலே, நான் வாயக் கட்டுதேன்" என்றாய். "யாரு முதல்ல நூறுக்குக் கீழ வாறான்னு பாப்போம்."

நான் வீட்டில் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் எண்ணிக் குடித்துக்கொண்டிருந்த நாட்களில் உன் எடை இறங்க ஆரம்பித்தது. முதலில் நான் நம்பவில்லை. தராசில் மறுபடியும் ஏறச் சொன்னேன். பணம் கட்டி, வயிற்றைக் கிழித்து, ரத்தம் சிந்தி நான் இறங்குகிறேன், இவன் சும்மா இருந்தே இறங்குகிறானே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம் மாதேவா, பொறாமைதான். பொறாமையோடேயே கையும் தட்டினேன். தெருவைக் கூப்பிட்டு உன்னைக் காட்டினேன்.

ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "டே, எனக்கு இப்பச் சோறே பிடிக்கல்லடே. வெல்ல வாசனையே குமட்டுது." வெல்ல வியாபாரி சொல்கிற பேச்சா அது? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா, நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. "குடுத்து வச்சவன்லே நீ. எனக்கு வயித்த வெட்டித்தான் அது கெடச்சுது" என்றேன். நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் உன் பெண்டாட்டி பகவதி போன் பண்ணினாள். "அண்ணாச்சி, அவிய ஒண்ணும் சரியாத் திங்கல்ல. ராத்திரி முதுகு வலிக்குன்னு எந்திரிச்சு எந்திரிச்சு இருக்காவ. ஒரு டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ."

எனக்குக் கோபம் வந்தது. உடம்பைக் குறைப்பது பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம். "நீ சும்மா கெட பகவதி. எடை குறையத்தானே இம்புட்டும் பண்ணுதோம். ஆயுசு பூரா தின்னவன் இப்பத்தான் வாயக் கட்டுதான், குறுக்க விழாத" என்றேன். சரி அண்ணாச்சி என்று வைத்துவிட்டாள்.

உன் கண்ணில் மஞ்சள் ஏறிய பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கணையத்தில் புற்று என்றார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர் பகவதி நிற்பதைப் பார்த்துவிட்டு அதை முடிக்காமலே விட்டார். பின்னால் வேறொரு டாக்டரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அந்த நோய் முன்னாடியே வெளியே தெரியாது, வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார். இதில் எதை நான் நம்புவது? எனக்குச் சௌகரியமானதை நம்பிப் பார்த்தேன். பகலில் நம்ப முடிகிறது, படுத்தால் முடிவதில்லை.

உன் பதினாறாம் நாளில் பந்தலின் கடைசியில் உட்கார்ந்துவிட்டு வந்தவன்தான், அதற்குப் பிறகு உன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கிற வீடு. உன் தெருவைத் தவிர்க்கக் காலையில் ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றி வந்தேன். கேட்டவர்களிடம் நடைப்பயிற்சி என்று சொன்னேன். எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை. ஆயுள் முழுக்க விழுங்கச் சொன்ன சத்து மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. உன்னைக் கூட்டிக்கொண்டு போகாத இடத்துக்கு நான் மட்டும் என்ன முகத்தோடு போவேன்? சாப்பாடும் இறங்கவில்லை. எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது, ஊரும் பாராட்டிக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒரு காலை, உன் கடை ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. நீதான் வந்துவிட்டாயோ என்று எழுந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால் பகவதி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், உன் கடையை அவள் திறந்துவிட்டாள். உன்னைவிட நன்றாகவே பேரம் பேசுகிறாள். சரக்கு வாங்குகிற கொல்லத்துக்காரனிடம் நீ வருஷக்கணக்காகக் குழைந்து கொண்டிருந்தாயே, அவனை ஒரே வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நான் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளியாத குறையாக நாலு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, சாப்பிட வாருங்க. ஒத்தையில உக்காந்து தின்னு எனக்குப் பழக்கமில்ல."

போகாமல் இருக்க முடியுமா? உன் மேஜையில் இலையை விரித்து, சோறும் உள்ளித் தீயலும் பயறுத் தோரனும் வைத்தாள். நாலு வாய் தின்றேன். "போதும்மா" என்றேன்.

அவள் கை நின்றது. "என்ன சொன்னிய?"

"போதும். வயிறு அவ்வளவுதான். வெட்டி வச்சதுல்லா."

"வெட்டி ஒரு வருசம் ஆகப் போவுது. இன்னுமா நாலு வாயி?" என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கையக் காட்டுங்க. நகமெல்லாம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? எந்திரிச்சா தலை சுத்துதா?"

"எப்பவாவது."

"ரத்தம் எப்ப பாத்திய?"

எனக்கு எரிச்சல் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன் பகவதி. எடை குறையத்தானே இம்புட்டும் பண்ணுதேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னிய அண்ணாச்சி."

அவளிடம் சொல்ல வேண்டியதை நாலு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். "பகவதி, நான்தான் அவன" என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றாள். "நான் கேட்டதும் ஓர்மை இருக்கு, நீங்க சொன்னதும் ஓர்மை இருக்கு. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். சில ராத்திரி உங்க மேல எனக்கு அப்படி ஒரு ஆங்காரம் வரும். பெறவு என் மேலயே வரும். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிட்டுன்னு நானும்தான் சந்தோசமாப் பிடிச்சுத் தச்சேன். கல்யாணத்தன்னைக்குப் பாத்த ஆளு திரும்பி வந்துட்டாவன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. நான்தான் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

"எங்கிட்ட மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம், எனக்கு அது குடுக்க வருதில்ல" என்றாள். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் பொறப்படுங்க. நானும் வாறேன்."

"கடை?"

"கடை கெடக்கட்டும். அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு வாய மூடினேன். இனி மூட மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றாள். சாந்தாவையும் ஏற்றிக்கொண்டாள். இங்கே நகரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். அந்த நேரம் முழுக்க பகவதி ஸ்கேன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த நாளை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாதா?

டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் நன்றாகத் திட்டினான். ரத்தம் குறைவு, சத்து குறைவு, வைட்டமின் பாதாளத்தில். தையல் பிரித்ததோடு வைத்தியம் முடிந்தது என்று யார் சொன்னது என்று மலையாளத்தில் பொரிந்தான். இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் நடக்க முடியாமல் விழுந்திருப்பேனாம். எல்லாம் முடித்துவிட்டு ஸ்கேனைத் திரும்பப் பார்த்து, வேறு கோளாறு ஒன்றும் இல்லை, மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்கானால் சரியாகிவிடும் என்றான். "பேடிக்கண்டா" என்றான் பகவதியைப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்று. அவளை என் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

பகவதி சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். நாங்கள் போய்ப் பார்க்கும்போது வராந்தா ஜன்னல் பக்கம் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உனக்குக் கொள்ளி வைத்த அன்று கூட நான் அவளை அப்படிப் பார்க்கவில்லை. சாந்தா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைய அவியளுக்குச் சொல்லிக் கேக்கணும்னு எத்தன சாமியக் கும்பிட்டேன்" என்றாள். "உங்களுக்குல்லா சொல்லுதான்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்து மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, அவளே போய் வரிசையில் நின்றாள்.

மாதேவா, இப்போது மத்தியானம் தினமும் உன் கடையில்தான் எனக்குச் சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் பிரித்துத் தருகிறாள். முட்டையும் பயறும் தின்றேனா என்று கேட்கிறாள். மாத்திரையை அவள் எதிரில் விழுங்க வேண்டும். நாலு வாய் ஏழு வாய் ஆகியிருக்கிறது. தலை சுற்றுவது நின்றிருக்கிறது. போன வாரம் ஒரு கிலோ கூடினேன், அதைக் கேட்டு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. உனக்கு வர வேண்டிய சேதியை நான் வாங்கிக்கொண்டு, உனக்கு வைக்க வேண்டிய சோற்றை நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்பது ஒவ்வொரு வாய்க்கும் தெரிகிறது. அது தெரிந்தேதான் தின்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இதை நம்பு. இனி பகவதி எதையாவது பார்த்துப் பயந்தால், அது என் உடம்பாக இருந்தாலும் அவள் உடம்பாக இருந்தாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து கூடப் போவேன். அவள் மனசில் எனக்கு மன்னிப்பு இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதனால் உன்னிடமும் கேட்க மாட்டேன். நீ கேட்காமலே கொடுத்துவிடுகிற ஆள், அது எனக்குத் தெரியும். அவள் தராததை அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை.

பகவதி இன்னும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறாள். அந்த முறையில் என்றும்
உன் மச்சினன்,
நீலகண்டன்