ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிக்காரனுக்கு

அடே,

இன்று விடிந்ததிலிருந்து தெரு முழுக்கப் பசை வாசனை. கஞ்சியில் மாவைக் கரைத்துக் காய்ச்சி, மூவர்ணக் காகிதக் கொடிகளைச் சணல் கயிற்றில் ஒட்டி, வீட்டுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். லஸ் முனையில் வெடி. குளத்தங்கரையில் நாகசுரம். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஊரே சிரிக்கிறது. நான் காலையில் சாந்தோமுக்குப் போய்விட்டு வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சுதந்திரத்தின் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் பத்து வருஷமாகக் கதர் கட்டுகிறவன்தான். என் கோபமெல்லாம் தேதியின் மேல். வருஷத்தில் இத்தனை நாள் கிடக்க, இதைத்தானா பிடிக்க வேண்டும்?

நீ போய் இன்றோடு பதினோரு வருஷம்.

அந்தப் பசை வாசனை உன் வீட்டு வாசனை. பத்திரிகையில் ஹாக்கிப் படம் எது வந்தாலும் நான் கத்தரித்துக் கொண்டுவர வேண்டும், நீ அதைச் சோற்றுக் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டுவாய். கஞ்சிக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் பூச்சி வரும். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும், "ஐரே, நம்ம லெஃப்ட் அவுட்டு காலக் கரப்பான் துன்னுட்ச்சுடா" என்று துக்கம் சொல்கிற குரலில் சொன்னாய். உன் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே, "அந்தக் கஞ்சிய நீ குட்சிருந்தா ஒடம்புல ஒட்டியிருக்கும்" என்றாள். அப்போது அதற்குச் சிரித்தோம். பிறகு அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சாந்தோம் பள்ளிக்கூடத்தில்தான் நாம் சேர்ந்தது. நான் மயிலாப்பூர் மாடவீதி, நீ கட்டுமரக்காரர் மகன். முதல் நாளே வாத்தியார் பிறந்த தேதி கேட்டார். நான் எழுந்து, ஆடி மாதம் ரோகிணி என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் பிறப்புக்கு நட்சத்திரம், இறப்புக்குத் திதி. இங்கிலீஷ் தேதி என்பது அப்பாவின் சம்பள நாளுக்கு மட்டும். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தேதி இல்லாமக்கூட ஒருத்தன் பொறப்பானாடா?" என்றாய். உன் முறை வந்தபோது, ஆகஸ்ட் பதினஞ்சு என்று மார்பை நிமிர்த்திச் சொன்னாய். பின்னால்தான் தெரிந்தது, அது நீ பிறந்த தேதியும் இல்லை. நீ பிறந்த நாள் உன் அம்மாவுக்கே நினைவில்லை. உனக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த தேதி அது. மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள். அன்று கோயில் ஜோடித்திருக்கும், மணி அடித்துக்கொண்டே இருக்கும், குப்பத்தில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அத்தனையும் உனக்காகத்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பைத்தியம். உலகத்தில் எது நடந்தாலும் அது பதினைந்தாம் தேதியா என்று பார்ப்பாய். சரித்திர வாத்தியாரை வழி மறித்துக் கேட்பாய். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பிறந்தது உன் தேதியில் என்று அவர் சொன்ன அன்று உன் நடையே மாறிப்போயிற்று. பனாமாக் கால்வாயைத் திறந்தது உன் தேதி. மயிலாப்பூர்க் கடற்கரையில் சில மாதம் தங்கி ஜெபம் செய்துவிட்டுப் போன உங்கள் புனிதர், அந்த அர்ச்சியசிஷ்டவர், பின்னால் ஜப்பான் மண்ணில் கால் வைத்ததும் உன் தேதிதான் என்று கோயில் சாமியார் சொன்னாராம். என் பங்குக்கு நான் புதுச்சேரி யோகியின் பிறந்த நாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். "யோகியும் நம்மாளா?" என்று சந்தோஷப்பட்டாய். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து இவற்றை மறுபடி மறுபடி சொல்லிப் பார்ப்போம். சொல்லி முடித்ததும் கடைசியில் உன் முகம் சுருங்கும். "எல்லாம் சரி ஐரே. ஒரு மேட்ச்சு கூட நம்ம தேதில இல்லியே."

ஹாக்கிதான் உனக்கு எல்லாம். ஈர மணலில் தென்னை மட்டையால் ஆடத் தொடங்கி, பள்ளிக்கூடத்துப் பிளந்த மட்டைக்குக் கயிறு சுற்றி ஆடி, மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்த காலி நிலத்தில் ஆங்கிலோ இந்தியப் பையன்களோடு மோதி, கடைசியில் ஒரு கம்பெனிக்காரர்கள் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலையும் கொடுத்து, ஆடவும் வைத்தார்கள். பந்து உன் மட்டையில் வந்துவிட்டால் நீ யாரையும் பார்க்க மாட்டாய், கோலையும் பார்க்க மாட்டாய். பந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடுவாய். நான் கோட்டுக்கு வெளியே உன் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு கத்துவேன். என் வாழ்க்கையில் நான் உரக்கக் கத்தியது அந்தச் சில வருஷங்கள்தான்.

ஆம்ஸ்டர்டாமில் நம்மவர்கள் தங்கம் வாங்கியது மே மாதம். அது உனக்கு எட்டாத தூரம், அதனால் வருத்தமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருபத்துநாலு கோல் போட்டு ஜெயித்தது ஆகஸ்ட் பதினொன்று. நான் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், நீ முதலில் தேதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். "இன்னும் நாலு நாளு பொறுக்கக் கூடாதா? இன்னா அவசரம் இவனுங்களுக்கு?" அன்று நீ கத்திய கத்தலில் இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நீயும்தான்.

அடுத்த ஒலிம்பிக் வருவதற்குள் நீ பாதியாகிவிட்டாய். கம்பெனிக்காரர்கள் முதலில் ஆட்டத்திலிருந்து நிறுத்தினார்கள், பிறகு வேலையிலிருந்து. ஆஸ்பத்திரியில் காசம் என்றார்கள், படுக்கை கொடுத்தார்கள், சில மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். பக்கத்துக் குடிசைக்காரர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். என் அம்மா, "அங்கே போயிண்டே இருக்கியே, நம்மாத்துலயும் கொழந்தைகள் இருக்குடா" என்று அழுதாள். வாசலில் குளித்துவிட்டு உள்ளே வருகிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

பெர்லின் ஆட்டங்கள் தொடங்கியபோது நீ எழுந்து உட்காரக்கூட முடியாது. ஆனால் பத்திரிகை வந்தாக வேண்டும். போட்டி தொடங்குவதற்கு முன்னால் பழக்க ஆட்டம் ஒன்றில் ஜெர்மனிக்காரன் நம்மை நாலுக்கு ஒன்றில் அடித்திருந்தான். அது உன்னை அரித்துக்கொண்டே இருந்தது. பிரான்சைப் பத்து கோல் போட்டு ஜெயித்த செய்தியைப் படித்துக் காட்டியும், "அவன் வேற, ஜெர்மன்காரன் வேற" என்றாய். கடைசி ஆட்டம் அந்த ஜெர்மனியோடுதான். தேதி பதினான்கு.

"பதினாலு!" என்று கூரையைப் பார்த்துச் சிரித்தாய். "ஒரே ஒரு நாளு. பாரு ஐரே, கிட்ட கிட்ட வந்து ஏமாத்துது."

திருநாளுக்கு முந்தின நாள் உன் அம்மா ஒருசந்தி இருப்பாள், ஒருவேளைதான் சாப்பாடு. அந்த வருஷம் அந்த ஒருவேளையும் இல்லை. உன் உடம்புக்காக இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வெளியே வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு வேண்டிக்காத, மேட்ச்சுக்கு வேண்டிக்கங்கறான் நைனா. சாவப் போறவன் கேக்குறான். இன்னா செய்வேன்? மேட்ச்சுக்கே வேண்டிக்கினேன்."

மறுநாள், பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை, பத்திரிகையைப் பிரித்தேன். பெர்லினில் மழை. வெள்ளிக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

நான் சட்டைக்குப் பொத்தான்கூடப் போடவில்லை. கச்சேரி ரோடு முழுக்க ஓடினேன். ஓடும்போதே உன் முகம் தெரிந்தது. ஒரு நாளும் இல்லாத அதிசயமாக மழை வந்து, ஆட்டத்தைத் தூக்கி உன் தேதியில் வைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் அங்கே ஆடி முடித்துவிடுவார்கள். இதைச் சொன்னால் நீ சாயங்காலம் வரையாவது தாக்குப்பிடிப்பாய் என்றுகூட நினைத்தேன். திருநாள் புடவையில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் நீதான் முதலில் பேசினாய். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கெலிச்சிட்டமாமே ஐரே."

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் உன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். முதல் பூசை பார்த்துவிட்டு வந்த தலைமுக்காடு இன்னும் இருந்தது. "நாலு கோலுன்னு சொல்லிக்கினாங்க நைனா, கோயிலாண்ட" என்றாள். என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. பதினாலாம் தேதி முடிந்துவிட்டது, ஆகவே ஆட்டம் முடிந்துவிட்டது. ஒருசந்தி இருந்தாகிவிட்டது, ஆகவே மாதா கொடுத்திருப்பாள். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. தன் பிள்ளைக்குச் சேர வேண்டியதை, நேரம் இல்லாததால், முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"நீ பட்ச்சியா?" என்று என்னைக் கேட்டாய்.

பத்திரிகை என் கக்கத்தில் இருந்தது. தலையை ஆட்டினேன்.

உன் நெஞ்சு இறங்கியது. பல நாளாக முகத்தில் இருந்த பிடிப்பு விட்டுப்போயிற்று. பிறகு உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாய்: "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு தவறிப்போச்சு பாரு."

அடே, உன் காதருகே குனிந்துவிட்டேன். "தவறல்லேடா, இன்னிக்குத்தான்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்னால் ஜெயித்தது போய்விடும். உன் அம்மா சொன்னது போய்விடும். உனக்குக் கிடைத்தது மறுபடி காத்திருத்தலாகிவிடும், காத்திருக்க உன்னிடம் மூச்சு இல்லை. தேதியா, ஜெயமா? இரண்டில் ஒன்றைத்தான் உனக்குத் தர முடிந்தது. நான் பத்திரிகையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நடுப்பகல் தாண்டியதும், பூசையெல்லாம் முடிந்து ஊர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், நீ போய்விட்டாய். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெற்றிச் செய்தி அடுத்து வந்த பத்திரிகையில் கொட்டை எழுத்தில் இருந்தது. எட்டுக்கு ஒன்று. அதை எடுத்துக்கொண்டுபோய் உன் அம்மாவிடம் எட்டு கோல் என்றேன். எந்த நாள் ஆடினார்கள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "எட்டா? நாலுன்னு கஞ்சத்தனமா சொல்லிட்டனே நைனா. இன்னும் நாலு சேத்து சொல்லியிருந்தா இன்னும் சந்தோசமா போயிருப்பானே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் திதி உண்டு, தாத்தாவுக்கு உண்டு. புரோகிதர் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்லுவார். உனக்குத் திதி கொடுக்க எனக்கு உரிமை இல்லை, எள்ளும் இல்லை, தண்ணீரும் இல்லை. இந்த ஒரு தேதிதான் இருந்தது. வருஷா வருஷம் இன்று ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு உன் கல்லறைக்கு வந்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவேன். யாருக்கும் தெரியாது. இனிமேல் இந்த நாளில் ஊரே லட்டு கொடுக்கும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவனைத் தேசத் துரோகி என்பார்கள். உன்னைப் போல எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் இன்று கூரையில் ஏறி நின்றிருப்பாய்.

காலையில் கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மாவும் வந்திருந்தாள். கண் மங்கிவிட்டது, என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுகொள்கிறாள். முந்தானையில் யாரோ காகிதக் கொடி ஒன்றைக் குத்திவிட்டிருந்தார்கள். கல்லின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்குப் பதினாலுல ஜெர்மன்காரன கெலிச்சாங்க. இன்னிக்குப் பதினஞ்சுல வெள்ளக்காரன அனுப்பிட்டாங்க. ஒரு நாளுதான் வித்தியாசம் நைனா. எம்புள்ள இருந்தா அந்த ஒரு நாளுக்கு இன்னா கத்து கத்தியிருப்பான்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினோரு வருஷமாக அவள் நிம்மதியாக வைத்திருப்பது இது ஒன்றைத்தான், சாகிற பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி அனுப்பினோம் என்பது. "ஆமாம்மா, ஒரு நாள்தான்" என்றேன்.

அவளிடம் சொல்ல முடியாது. உன்னிடம் அன்று சொல்லவில்லை. இதைச் சுமந்துகொண்டு திரிகிறவன் நான் ஒருவன்தான், எனக்கும் வயதாகிறது. ஆகையால் இப்போது சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். உன்னைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, உன் கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தோமே, அந்த நேரத்தில்தான் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டு கோல். உன் தேதியில்தாண்டா.