தனி அடுப்பு, தனித் தலைக்கட்டு

1-4-97, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் பத்துக்குப் போய் மூன்றுக்கு வந்தது. மிதி மிஷினுக்கு என்ன கவலை.

முடிந்தது: ஜாக்கெட் மூன்று, பாவாடை ஒன்று. பாக்கி: மேற்கு வீட்டம்மா ஜாக்கெட். ஹூக் தீர்ந்துவிட்டது. அவிநாசி போனால் நீல நூல்.

தண்டோரா போட்டார்கள். ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் முன் ஊர்க்கூட்டம். போன வாரம் சீட்டாட்டக் கொட்டாயில் ஒருத்தன் மண்டை உடைந்து போலீஸ் வந்ததில் ஊர்த்தலைவருக்கு அவமானம். இரண்டு கேள்வி. ஒன்று, கொட்டாயைப் பிரித்துவிடலாமா? இரண்டு, பள்ளிக்கூடத் திடலில் உட்கார்ந்து குடிப்பதைத் தடுக்கலாமா? கேள்விக்கு ஒரு பானை. சரி என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் சோளம். கையை மூடிக்கொண்டு போட வேண்டும். கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கும் வீட்டுக்கு ஒரு ஓட்டு.

கேட்டதும் ஊசி விரலில் ஏறிவிட்டது. வலியே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

3-4-97, வியாழன்

சத்துணவு சமைக்கும் சரசாள் வந்தாள். "ஏனுங்க்கா, எனக்கு ரெண்டாவது பானைதானுங்க முக்கியம். நேத்தும் ஒரு புள்ளைக்குக் கால்ல பாட்டில் சில்லு. சோத்தப் போட்டுப்போட்டு நாந்தான் சில்லு எடுக்கறனுங்க."

"ஆகட்டும் கண்ணு" என்றேன். மனசெல்லாம் முதல் பானையில்.

கொட்டாய்க்காரன் சின்னராசு. இனிமேல் சி.ரா. முழுப்பேர் எழுதப் பேனா கூசுகிறது.

அப்பா செத்த அன்று பாடை கட்டி வாசலில் வைத்தாயிற்று. கொள்ளி வைக்க வேண்டிய அண்ணன் கொட்டாயில். நானே ஓடினேன், தலைவிரி கோலமாக. அண்ணன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சி.ரா. சொன்னான்: "ஆட்டம் முடியட்டுங்க அம்மணி. செத்தவரு எங்கீங்க போயிரப் போறாரு?" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மணி நேரம் அப்பா முகத்தில் ஈ ஓட்டினேன்.

நாலு வருஷம் ஆகிறது. மறந்தால் நான் அந்த அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை.

5-4-97, சனி

ஹூக் கிடைத்தது. நீல நூல் இல்லை.

சி.ரா. டீக்கடையில் பேசினானாம்: "பொம்பளைங்க குதிச்சு என்னங்க ஆகப்போகுது? ஓட்டு தலைக்கட்டுக்குத்தானுங்க."

மடையன். போன மாரியம்மன் நோம்பிக்கு வரி வசூல் யார்? அவன்தான். தனியாக இருக்கும் பெண்களிடம் அதுவரை யாரும் வரி கேட்டதில்லை. வசூலில் பேர் வாங்க, "தனி அடுப்பு எரிஞ்சாத் தனித் தலைக்கட்டுங்க" என்று நோட்டில் சேர்த்துவிட்டான். தாலியறுத்தவள், புருஷன் விட்டுப்போனவள், கல்யாணம் ஆகாத நான். பதினோரு பேர். சரசாளும் உண்டு. நாளை வரை வாயைத் திறக்கக் கூடாது.

சாயங்காலம் திடலில் குடிக்கிற கூட்டத்து ஆள், லாரி ஓட்டும் மணி வந்தான். "அக்கா, எங்களுக்குச் சீட்டெல்லாம் வேண்டாமுங்க. உக்கோந்து குடிக்க ஒரு எடம் இருந்தாப் போதுமுங்க."

நான் சொன்னேன்: "மொதப் பானையில உங்காளுங்க புளியங்கொட்டை போடுங்க. ரெண்டாவதுல நானும் சோளம் போட்டர்றன். அதுல புளியங்கொட்டை போடச் சொல்லி யாரையும் போயிக் கேக்கவும் மாட்டன்."

எப்படி வாயில் வந்தது? சரசாளிடம் சொல்லவில்லை.

6-4-97, ஞாயிறு

வரிசையில் நாங்கள் நின்றதும் சி.ரா. எகிறினான். "பொம்பளைங்களுக்கு இங்க என்னங்க வேலை?"

"தலைவரே, வரி நோட்டைப் பிரிங்க. அவரு எழுதுன எழுத்துதானுங்க" என்றேன்.

தலைவர் பதினோரு பேரையும் உரக்கப் படித்தார். சி.ரா. பேயறைந்த மாதிரி நின்றான். தன் வாயால் கெட்ட தவளை. பாயசம் குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

முதல் பானை: புளியங்கொட்டை 39, சோளம் 35. வெள்ளிக்கிழமைக்குள் கொட்டாயைப் பிரிக்க வேண்டும்!

இரண்டாவது: புளியங்கொட்டை 31, சோளம் 43.

"எங்கீங்க்கா தப்பிப்போச்சு?" சரசாள் கண் கலங்கிவிட்டது. "தெரியலையே கண்ணு" என்றேன்.

அண்ணன் எதைப் போட்டானோ. கேட்க மாட்டேன்.

8-4-97, செவ்வாய்

உச்சி வெயில். வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு சி.ரா.

"ஏனுங்க அம்மணி, வைகாசில மகளுக்குக் கல்யாணம். வர்ற ஒறம்பரை சனம் தங்க அந்தக் கொட்டாய்தானுங்க இருக்குது. அது வரைக்கும் விட்டாப் போதும். உங்க பொம்பளைங்க ஓட்டுலதானுங்க பிரிக்கறது; நீங்க சரீன்னாத் தலைவரும் சரீங்கறாரு."

நிமிரவில்லை. "இந்த ஜாக்கெட் முடியட்டுங்க. கொட்டாய் எங்கீங்க போயிரப் போகுது?"

புரிந்துவிட்டது அவனுக்கு. வெறுங்காலோடு வெயிலில் நின்றான். நான் ஹூக் வைத்தேன். பிரித்தேன். மறுபடி வைத்தேன். முடிந்ததும் அடுத்த ஜாக்கெட்டை எடுத்தேன். நாலு வருஷம் இதற்குத்தான்.

அப்போது சரசாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. காலில் சுற்றிய துணியெல்லாம் ரத்தம். "அக்கா! சில்லு ஆழமா ஏறிப்போச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு ஆராச்சும் வண்டி..."

நான் மிஷினிலிருந்து எழுவதற்குள் சி.ரா. குழந்தையை வாங்கிக்கொண்டான். "ஏறு சரசா, பொறகால புடிச்சுக்க." டி.வி.எஸ். போய்விட்டது. செருப்பைக்கூட மாட்டவில்லை.

நாலு மணி ஆகிவிட்டது. இன்னும் வரவில்லை. அவன் செருப்பு என் வாசலில் கிடக்கிறது. படியில் ரத்தம், கழுவிவிட்டேன். சரசாளிடம் அந்தச் சோளத்தைப் பற்றி எப்படிச் சொல்ல?

கொட்டாய் மட்டும் வெள்ளிக்கிழமை பிரிந்தே ஆக வேண்டும்.