தள்ளினாலும் ஏறும் கிலோமீட்டர்

மார்ச் 3, ஞாயிறு

எங்கள் நண்பரான பல் டாக்டர் காலையிலேயே போன் செய்தார். எங்கள் பழைய காரைப் போலவே ஒன்று, அதே வருடம், அதே சிவப்பு, வெளிநாட்டு ஏலத்தில் ஒரு வீட்டின் விலைக்குப் போயிருக்கிறதாம். அவரிடமும் ஒரு பழைய ராலிப் பந்தயக் கார் இருக்கிறது. அதனால் சந்தோஷம் அவருக்கும் பாதி. நான் செருப்புகூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினேன்.

"என்ன, ராத்திரியோட ராத்திரியா வளந்திருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

காயலான் கடைக்குப் போக வேண்டியதை நான் வாங்கி வந்த காலத்தில், என் மாமனார் கொஞ்ச நாள் என்னோடு பேசாமலே இருந்தார். அதில்தான் காய்கறி வாங்கப் போனோம். அதில்தான் மலைப்பாதை ராலிகளும் ஓடினோம். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகும் வளைவுகளைப் படித்துச் சொல்வாள். ஒன்று என்றால் வந்த வழியே திரும்புகிற மாதிரி வளைவு. ஆறு என்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். அவளுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை. பக்கத்தில் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தாலும், "இடது மூணு" என்பது இரண்டாம் நடைமேடையில் வண்டி வருகிறது என்கிற குரலில்தான் வரும். நாங்கள் வாங்கிய மிகப் பெரிய இடம் பதினொன்றாவது இடம்.

ராலிகள் நின்றுபோன பிறகும் ஞாயிறுதோறும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம். இன்றும் போனோம். முதல்முறையாக எல்லா லாரிக்கும் ஒதுங்கி வழிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஏரிக்குப் போகவில்லை. பேட்டரி பலவீனம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை.

மார்ச் 23, சனி

பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவரை டாக்டர் அனுப்பியிருந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கதவையே தொட்டார். நான் வேலை பார்க்கிற தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு வருகிற சாக்கடைத் தண்ணீர்ப் புட்டிகளைக்கூட நான் அவ்வளவு பயபக்தியோடு திறந்ததில்லை. விலை சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: அவருடைய காட்சிக்கூடம் கட்டி முடியும்வரை வண்டி எங்களிடமே இருக்கலாம், ஆனால் ஓடக்கூடாது.

"மீட்டர்ல இப்ப எத்தனை கிலோமீட்டர் இருக்கோ அதுலயே நிக்கணும். புரியுதா?"

தலையாட்டினேன். அவர் போனதும் மனைவி தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் ஓடிப்போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். தட்டைப் பார்த்தாள். பொட்டலத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தட்டு வைத்ததில் என்ன தப்பு?

ஏப்ரல் 7, ஞாயிறு

பழைய மலைப்பாதையில் பழைய கார்களுக்கு மட்டும் ஒரு ராலி நடத்தப் போகிறார்கள். அழைப்பை மனைவி என் காபி டம்ளர் பக்கத்தில் வைத்திருந்தாள். முடியாது, கல் தெறிக்கும் என்றேன்.

"கல்லு இல்லாத மலையாப் பாத்து வைக்கச் சொல்லட்டுமா?"

"வந்தவர் சொன்ன விலையையும் கேட்டேல்ல நீ?"

"கேட்டேன். அத வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

பதில் இருந்தது. ஷெட்டுக்கு நல்ல கூரை, அவளுக்கு முன்கூட்டியே ஓய்வு, இன்னும் ஏதேதோ. துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டாக்டருக்கு வளைவு சொல்கிற மைத்துனர் ஊரில் இல்லையாம். அந்த ராலிக்கு டாக்டர் வண்டியில் இவள் போகிறாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்றாள். நல்லதுதானே என்றேன். நல்லதில்லை. எனக்கு வயிறு எரிகிறது. பேனாவைப் பிடித்து இதை எழுதும்போதும் எரிகிறது.

ஏப்ரல் 20, சனி

வண்டியை வெயிலில் நிறுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. ஸ்டார்ட் செய்தால் மீட்டர் ஓடுமே என்று, மெக்கானிக் நட்டுவைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன், தள்ளிக்கொண்டே உள்ளே விட்டேன். மூன்று வாரமாக இப்படித்தான். இன்று அவன் நடுவில் நின்று, எதற்கு சார் இந்தத் தண்டனை என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன். வண்டியின் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

"சக்கரம் சுத்துனா நம்பர் சுத்தும் சார். இஞ்சின் சுத்துனா என்ன, நீங்க முக்கி முனகித் தள்ளுனா என்ன. அதுக்குத் தெரியவா போகுது?"

எட்டிப் பார்த்தேன். கடைசி எண் பாதி நகர்ந்துதான் இருந்தது. இடுப்பு வலி மட்டும் முழுசாக வந்திருக்கிறது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

ராலி. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பஸ் பிடித்துப் போய், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற வளைவில் கூட்டத்தோடு நின்றேன். டாக்டரின் நீல வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் ஒரு நொடிதான் தெரிந்தது. உதடு அசைந்தது. "இடது ரெண்டு" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வண்டி வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வேகம் குறைந்து, தயங்கித் தயங்கித் திரும்பியது. நான் என்றால் இன்னும் இரண்டு வண்டி நீளம் போன பிறகுதான் பிரேக்கை மிதித்திருப்பேன்.

மாலையில் உடம்பெல்லாம் மண்ணோடு வந்தாள். சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்:

"டாக்டர் நல்ல மனுஷன்தான். ஆனா நான் சொல்லச் சொல்ல, வளைவு கண்ணுல படற வரைக்கும் அவருக்கு நம்பிக்கை வரல. நீங்க அப்படி இல்ல. மூடுபனியில ஒண்ணுமே தெரியாதப்போ, நான் ஆறுன்னு சொன்னா அழுத்திட்டே போவீங்க."

"இப்பவும் போவேன்."

"இப்ப லாரிக்கே ஒதுங்குறீங்க."

ஒரு தகரத்துக்காக இவளை நான் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

மே 2, வியாழன்

நான் கூப்பிட்டு நட்டு வந்து ஆயில் மாற்றிவிட்டுப் போனான். இந்த முறை சிரிக்கவில்லை.

மே 5, ஞாயிறு

விடிந்ததும் சாவியை அவள் எதிரில் வைத்தேன். ஏரிக்கா என்றாள். மலைக்கு என்றேன். அவள் உள்ளே போய்ப் பழைய வளைவுக் குறிப்பை எடுத்துக்கொண்டு, கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். பிஸ்கட்டும் வந்தது. தட்டு வரவில்லை.

முதல் நாலைந்து வளைவில் தேவைக்கு முன்னாலேயே காலைத் தூக்கினேன். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இடது நாலு, விடாதீங்க" என்றாள். விடவில்லை. அதன் பிறகு எனக்கு விலை ஞாபகமே வரவில்லை. பாலத்தைத் தாண்டியதும் சொன்ன இடத்தில் திரும்பாமல் கொஞ்சம் அகலமாகப் போய்விட்டேன். பாறை அவள் பக்கக் கதவிலிருந்து வால்வரை உரசிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தில் பல் கூசியது. காலைத் தூக்கப் போனேன்.

"வலது மூணு, அம்பது மீட்டர், வலது அஞ்சு," என்றாள். இரண்டாம் நடைமேடைக் குரல். அழுத்தினேன்.

உச்சியில் நிறுத்தியபோது அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். கதவை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம்.

மே 8, புதன்

மறைப்பது முறையில்லை என்று கையுறைக்காரருக்கு நானே போன் செய்தேன். வண்டி ஓடிவிட்டது, இடது பக்கம் நீளமாக ஒரு கீறலும் விழுந்துவிட்டது என்றேன். அவர் விலையில் பாதியைக் குறைத்தார். இதற்கு நான் இடிந்துபோவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"கீறல் அது ஒண்ணுதானே? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வரைக்கும் இல்ல. எதுக்கும் ஞாயித்துக்கிழமை கழிச்சுக் கேளுங்க" என்றேன்.