ஓலேகாரியோவின் கண்ணாடிக் குவளை

மொந்தேவிதேயோ,
23 செப்டம்பர் 2013

உடன்பிறந்தவளே எல்பா! உன் கணவர் ரூபனும் பிள்ளைகளும் கேட்க, இதை உரக்கப் படி.

உன் வீட்டின்மீது எனக்கொரு வழக்குண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓலேகாரியோ என்னோடு உன் முற்றத்தில் அமர்ந்தார். "அண்ணனோட சிநேகிதர்" என்று ஊருக்குச் சொன்னாய். மாத்தே இலைச்சாற்றுக் குடுவை கைமாறி வரும்போது, எல்லோரும் உறிஞ்சிய அதே குழலில் அவரும் உறிஞ்சினார். எவர் வாயும் வெந்துவிடவில்லை.

இம்மாதம் பதின்மூன்றாம் நாள், ஆணும் ஆணும் மணக்கலாம் என்ற புதிய சட்டப்படி நாங்கள் மணந்துகொண்டோம். நேற்று உன் வீட்டுக்கு வந்தோம். குடுவை எனக்கு வந்தது. ஓலேகாரியோவைத் தாண்டி ரூபனுக்குப் போனது. அவருக்கோ, தட்டின்மேல் தனிக் கண்ணாடிக் குவளையில் காப்பி!

இச்சட்டத்துக்காகத் தெருத்தெருவாய் முழங்கியவன் நான். நாடு திறந்த கதவை என் தங்கையே அடைத்தாள்.

பேருந்தில் அவர் சொன்னது ஒன்றே: "காப்பி நல்லாத்தான் இருந்துச்சு, வில்மர்." பிறகு ஊர் வந்து சேரும்வரை சன்னலையே பார்த்திருந்தார்.

அந்தக் குவளை இருக்கும்வரை உன் படி ஏறேன். விடை எழுது.

அண்ணன்
வில்மர்

*

பாய்சாந்து,
1 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உரக்கப் படிக்கவில்லை, அடுப்படியில் தனியாக நின்று படித்தேன். தங்கையிடமும் மேடைப் பேச்சுதானா? முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று ஒரு வரி எழுதக்கூடாதா?

குவளையை வைத்தது நான்தான். அன்று காலையில் ரூபன், "கல்யாணப் பத்திரம் வாங்கிட்டு வருவாங்க, அந்தக் குழல்ல நான் வாய் வைக்கணுமா? ஊரே சிரிக்கும்டி" என்றார். நீ சண்டைக்கு நிற்பாய், விருந்து கெடும் என்று பயந்தேன்.

"சிநேகிதர்" என்ற சொல் எங்களுக்கு வசதியாக இருந்தது, அண்ணா. தெரியாததுபோல் இருந்துகொள்ளலாம். சட்டம் அந்தத் திரையை எடுத்துவிட்டது. கொஞ்சம் பொறு. காலம் மாறும்.

எல்பா

*

மொந்தேவிதேயோ,
7 அக்டோபர்

எல்பா,

காலம் தானாக மாறி நான் கண்டதில்லை. உன் வீட்டில் குடுவையில் வெந்நீர் ஊற்றுபவள் நீ. அடுத்து யாருக்கு என்று தீர்மானிக்கும் கையும் உன்னுடையதே.

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது.

வில்மர்

*

பாய்சாந்து,
28 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணனின் வீட்டுக்காரர் ஓலேகாரியோவுக்கு,

உன் கடிதம் வந்த வார ஞாயிறன்று ரூபன் மாத்தே கேட்டார். ஏழு கண்ணாடிக் குவளைகளில் காப்பி ஊற்றி ஆளுக்கொன்றாக வைத்தேன்.

"என்னடி இது, ஆஸ்பத்திரியா?"

"விருந்தாளிக்குக் குடுத்ததுதான். நல்லாருக்குன்னு அவரே சொன்னாராமே."

குடுவையை அலமாரியில் பூட்டினேன். புதியது வாங்குவேன் என்று மிரட்டினார். "வாங்குங்க. புதுக் குடுவையை ஊறவெச்சுப் பதப்படுத்தப் போறதும் நான்தானே?" என்றேன். நான்காம் நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடித்துவந்தார். அங்கே, "உன் வீட்ல குடுவை என்னாச்சு?" என்று கேட்டார்களாம். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

நேற்று மூன்றாம் ஞாயிறு. காப்பியைத் தள்ளி வைத்தார். "உன் அண்ணன் எப்ப வர்றாரு?" என்றார். நான் குவளைகளை எடுத்துக் கழுவப் போனேன். பின்னாலேயே வந்து, "ஓலேகாரியோவும் வரட்டும். அவரு குடிச்சதும் எனக்கே குடு" என்றார்.

முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருக்கிறது. ஆனால் சொன்னார்.

அலமாரியை நான் திறக்கவில்லை. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓலேகாரியோ தம் கையால் திறக்கட்டும். மேடையில் முழங்கியது போதும், அண்ணா. கடிதம் கைக்கு வந்த அன்றே, அவரையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் ஏறு.

எல்பா