இணையதளப் பெயரை வாங்கியவர் யார் என்று சொல்லாத நிறுவனம்

அனுப்புநர்
ஹெ. விஜிலா (வயது 34),
க/பெ. ஜெஃப்ரி,
மேலத் தெரு, மணப்பாடு,
திருச்செந்தூர் வட்டம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: கப்பல் வேலை தருவதாக ஏமாற்றும் போலி இணையதளத்தை முடக்கவும், அதன் முகவரியைப் பதிவு செய்தவரின் விவரத்தைப் பெற்று என் தம்பியைக் கண்டுபிடிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உடன்குடியில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். என் தம்பி செல்வின் (வயது 26) கப்பலில் இன்ஜின் அறை ஊழியர். ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் வீட்டில் இருந்தான். மும்பையிலுள்ள ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் இணையதளம் என்று நம்பி 11.03.2025 அன்று விண்ணப்பித்தான். உண்மையான முகவரியில் இல்லாத ஒரு சிறு கோடு அவன் விண்ணப்பித்த தளத்தின் முகவரியின் நடுவில் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஊராருக்கு அன்றாடம் அதே வேலையைச் செய்கிற நான் அன்று அதைக் கவனிக்கவில்லை.

2. ஏப்ரல் 2ஆம் தேதி விமானம் ஏறினான். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கப்பல் ஏறியதாகத் தகவல் சொன்னான். 19.05.2025 அன்று கடைசியாகப் பேசினான். "அக்கா, பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிட்டானுவ. கப்பல் பேர அழிச்சிட்டு வேற பேரு எழுதுதானுவ. குடிக்கத் தண்ணியும் அளந்துதான் தாரானுவ. அம்மைட்ட சொல்லிராத" என்றான். புதுப் பெயர் என்ன என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. இன்றுவரை அழைப்பு இல்லை.

3. மும்பை நிறுவனத்தை விசாரித்தேன். தங்கள் பெயரில் போலித் தளம் நடப்பதாக, முகவரியைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்துக்குப் பிப்ரவரி 6ஆம் தேதியே எழுதிவிட்டதாகச் சொல்லி, அக்கடிதத்தின் நகலையும் அனுப்பினார்கள். என் தம்பி விண்ணப்பித்தது அதற்கு முப்பத்துமூன்று நாள் கழித்து. அன்றே அந்தப் பதிவு நிறுவனம் முகவரியை முடக்கியிருந்தால் என் தம்பி வீட்டில் இருந்திருப்பான்.

4. அந்தப் பதிவு நிறுவனத்துக்கு நானும் நான்கு முறை எழுதினேன். மூன்று முறை புகார் எண் மட்டும் வந்தது. நான்காம் முறை, "நாங்கள் பெயரைப் பதிவு செய்து தருகிறோம், தளத்தில் நடப்பதற்குப் பொறுப்பல்ல. வாடிக்கையாளர் விவரம் இரகசியமானது. காவல்துறை கேட்டால் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது. ஐயா, என் தம்பியை அனுப்பியவர்களின் தொலைபேசிகள் எல்லாம் செயலிழந்துவிட்டன. அவர்கள் யாரென்று தேட, அந்நிறுவனத்திடம் உள்ள விவரம் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

5. சென்ற வாரம் எங்கள் தெருவைச் சேர்ந்த பெவின் என்ற இளைஞன், நான் வேலை பார்க்கும் மையத்துக்கு வந்து அதே தளத்தைத் திறந்து காட்டினான். முகப்பிலேயே என் தம்பியின் படம். நான் பதிவேற்றிய படம்தான். "எங்கள் மூலம் வேலை பெற்றவர்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். "செல்வின் அண்ணனே போயிருக்காவல்லா, அக்கா. நம்பிப் போலாம்" என்றான். அவனைத் தடுத்துவிட்டேன். மற்ற ஊர்களில் அந்த முகத்தைப் பார்த்து விண்ணப்பிப்பவர்களை நான் எப்படித் தடுப்பேன்?

ஆகவே, தங்கள் அலுவலகம் அந்தப் பதிவு நிறுவனத்துக்கு உடனே எழுதி, முகவரியை வாங்கியவரின் விவரத்தைப் பெறவும், தளத்தை முடக்கவும், முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டும் வாளாவிருந்த அந்நிறுவனத்தின் மீது விசாரணை நடத்தவும் கேட்டுக்கொள்கிறேன். கடிதங்களின் நகல்களை இணைத்துள்ளேன். தளம் இன்று காலையும் திறக்கிறது. அம்மாவுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இடம்: மணப்பாடு
நாள்: 14.07.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஹெ. விஜிலா